ஆஸ்திரேலிய ஓபனை நேரில் பார்க்க: முதல் வாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலிய ஓபனுக்குப் போக நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் தேடுவது இறுதிப் போட்டி டிக்கெட்டைத்தான். விலையைப் பார்த்ததும் அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மெல்போர்னில் டென்னிஸ் பார்க்கச் சிறந்த நேரம் முதல் வாரம். சிறந்த டிக்கெட், இருப்பதிலேயே விலை குறைந்த வகையைச் சேர்ந்த கிரவுண்ட் பாஸ் (குறிப்பிட்ட இருக்கை இல்லாமல் வளாகத்தைச் சுற்றிவர விடும் டிக்கெட்). இறுதிப் போட்டியில் நீங்கள் பார்ப்பது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் பெரும்பாலும் உயரத்திலிருந்து. முதல் வாரத்தில் ஒரே நாளில் எட்டுப் பத்து ஆட்டங்களை, வீரரின் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் அறிமுகம்

டென்னிஸின் மிகப் பெரிய நான்கு போட்டிகளைக் கிராண்ட்ஸ்லாம் என்பார்கள்; ஆண்டில் அவற்றில் முதலில் வருவது இது. நம் பொங்கலை ஒட்டித் தொடங்கி ஜனவரி கடைசி வரை, சில ஆண்டுகளில் பிப்ரவரி முதல் தேதி வரை போகும். 1905ல் தொடங்கியது. 1987 வரை புல்தரையில்தான் ஆடினார்கள். கடைசிக் காலத்தில் அது மெல்போர்னின் கூயோங் கிளப்பில் நடந்தது. அந்த இடம் போதாமல் போகவே, 1988ல் யாரா நதியை ஒட்டிய இன்றைய வளாகத்துக்கு மாறினார்கள். மாறும்போது புல்லையும் விட்டுவிட்டு ஹார்ட் கோர்ட்டுக்கு வந்தார்கள். அன்று ஃப்ளிண்டர்ஸ் பார்க் என்றிருந்த இடம்தான் இன்றைய மெல்போர்ன் பார்க்.

அந்த ஆண்டே பிரதான அரங்கத்துக்குத் திறந்து மூடும் கூரை போட்டிருந்தார்கள். கிராண்ட்ஸ்லாம் அரங்கம் ஒன்றுக்கு அப்படிக் கூரை அமைந்தது அதுவே முதல் தடவை. இப்போது ராட் லேவர் அரீனா, மார்கரெட் கோர்ட் அரீனா, ஜான் கெயின் அரீனா ஆகிய மூன்றுக்கும் கூரை உண்டு. மழை வந்தாலும், வெயில் எல்லை மீறினாலும் இந்த மூன்றிலும் ஆட்டம் நிற்காது. திட்டம் போடும்போது இது ரொம்பவே உதவும்.

ஒற்றையரில் ஆண்கள் 128 பேர், பெண்கள் 128 பேர். பட்டம் வெல்ல ஏழு ஆட்டங்கள் ஜெயிக்க வேண்டும். ஆண்களுக்கு அதிகபட்சம் ஐந்து செட், பெண்களுக்கு அதிகபட்சம் மூன்று செட். கடைசி செட் 6-6 என்று ஆனால் பத்துப் புள்ளி டை பிரேக்கர்.

படி 1: எந்த நாட்களில் போவது

2024 முதல் போட்டி ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடுகிறது. முதல் மூன்று நாட்கள், ஞாயிறு முதல் செவ்வாய் வரை, முதல் சுற்று. புதன், வியாழன் இரண்டாம் சுற்று. வெள்ளி, சனி மூன்றாம் சுற்று. அடுத்த ஞாயிறும் திங்களும் நான்காம் சுற்று. அதன்பிறகு இரண்டு நாள் காலிறுதி, வியாழன் பெண்கள் அரையிறுதி, வெள்ளி ஆண்கள் அரையிறுதி, சனி பெண்கள் இறுதி, ஞாயிறு ஆண்கள் இறுதி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் சுற்றில் மட்டும் ஒற்றையரில் 128 ஆட்டங்கள், அத்தனையும் மூன்று நாட்களுக்குள். காலை பதினொன்று மணிக்கு வளாகத்தின் ஏறக்குறைய எல்லாக் கோர்ட்டுகளிலும் ஒரே சமயத்தில் பந்து பறக்கும். காலிறுதிக்கு வந்துவிட்டால் ஒரு நாளைக்கு நான்கே ஒற்றையர் ஆட்டங்கள். அவை பெரிய அரங்கத்துக்குள் போய்விடும். வெளியே இரட்டையர், ஜூனியர், சக்கர நாற்காலிப் போட்டிகள் இருக்கும். அவையும் நல்ல ஆட்டங்கள்தான். இருந்தாலும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து மூன்று நாட்களே இருக்க முடியும் என்றால், நான் திங்கள், செவ்வாய், புதன் என்றுதான் சொல்வேன். இரண்டு நாள் முதல் சுற்று, ஒரு நாள் இரண்டாம் சுற்று கிடைக்கும். புதன் வாக்கில் இரட்டையர் ஆட்டங்களும் தொடங்கிவிடும். வார இறுதியைவிடக் கூட்டமும் குறைவாக இருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. அது இன்னும் மலிவு. பிரதானப் போட்டிக்கு முந்தைய வாரம் தகுதிச் சுற்று நடக்கும். அதிலும் 128 பேர். மூன்று ஆட்டங்கள் தொடர்ந்து ஜெயிக்கும் 16 பேருக்கு மட்டும் உள்ளே இடம். 2025ல் பிரதானப் போட்டியின் முதல் சுற்றில் தோற்றவருக்கே 1,32,000 ஆஸ்திரேலிய டாலர் பரிசு. தரவரிசையில் 150, 200 என்று இருப்பவர்களுக்கு அது ஓராண்டுக்கான பயணச் செலவு, பயிற்சியாளர் சம்பளம் எல்லாம். அந்த மூன்றாவது தகுதி ஆட்டத்தை ஒருமுறை பக்கத்தில் இருந்து பாருங்கள். கைகொடுக்க வலைக்கு வரும் இருவரின் முகத்திலும் தெரியும், என்ன கிடைத்தது, என்ன போனது என்று.

2024ல் சுமித் நாகல் இப்படித்தான் தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே வந்தார். வந்தவர் முதல் சுற்றிலேயே 31ஆம் தரநிலை (போட்டிக்கு முன் முதல் 32 பேருக்குத் தரும் வரிசை எண்) பெற்ற அலெக்சாண்டர் புப்ளிக்கை வீழ்த்தினார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் தரநிலை பெற்ற ஒருவரை இந்திய ஆண் ஒருவர் தோற்கடித்தது 35 ஆண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான். அதற்கு முன் செய்தவர் நம் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன். இடம் இதே மெல்போர்ன், ஆண்டு 1989. எதிரில் நின்றவர் அப்போதைய உலக முதல்நிலை வீரரும் முந்தைய ஆண்டின் சாம்பியனுமான மட்ஸ் விலாண்டர். ஒரு செட்கூடக் கொடுக்காமல் ஜெயித்தார்.

படி 2: டிக்கெட்

வழக்கமாக அக்டோபரில் விற்பனை தொடங்கும். போட்டியின் அதிகாரபூர்வ தளம் வழியாக டிக்கெட்மாஸ்டரில் வாங்க வேண்டும். வகைகள் பல இருந்தாலும் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, கிரவுண்ட் பாஸ். குறிப்பிட்ட இருக்கை எதுவும் கிடையாது. பெரிய அரங்கங்களுக்கு வெளியே இருக்கும் வெளி கோர்ட்டுகள் அத்தனைக்கும் போகலாம், கியா அரீனாவுக்குள் நுழையலாம், ஜான் கெயின் அரீனாவின் முன்பதிவில்லாத இருக்கைகளில் இடம் இருந்தால் உட்காரலாம். இந்த ஜான் கெயின் அரீனாதான் ஆஸ்திரேலிய வீரர் நிக் கிர்கியோஸ் தன் வீடு மாதிரி கொண்டாடிய அரங்கம். உள்ளூர் ரசிகர்களின் ஆரவாரத்தைக் கேட்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டு, ராட் லேவர் அல்லது மார்கரெட் கோர்ட் அரீனாவில் பகல் இருக்கை. இதை வாங்கினால் கிரவுண்ட் பாஸ் வைத்திருப்பவர் போகும் இடங்களுக்கும் போகலாம். மூன்று, இரவு இருக்கை. பெரிய நட்சத்திரங்கள் பெரும்பாலும் இரவில்தான் வருவார்கள், விலையும் அதற்கேற்ப.

என் யோசனை: மூன்று நாள் இருந்தால் மூன்று நாளும் கிரவுண்ட் பாஸ், அதில் ஒரு நாள் மட்டும் கூடுதலாக ராட் லேவர் இரவு டிக்கெட். அந்த அரங்கத்தை ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்க்கத்தான் வேண்டும், அதை மறுக்க மாட்டேன். விற்றுத் தீர்ந்துவிட்டால் பதற வேண்டாம். வர முடியாதவர்கள் திருப்பி விற்கும் டிக்கெட்டுகள் அதே தளத்தில் போட்டி நாட்களிலும் வந்துகொண்டிருக்கும். தெரியாத தளங்களிலும் சமூக ஊடகங்களில் யாரோ விற்பதாகச் சொல்வதையும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.

படி 3: விசா, விமானம், தங்குமிடம்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 600ஆம் வகை பார்வையாளர் விசா தேவை, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். டிசம்பர், ஜனவரி அங்கே கோடை விடுமுறைக் காலம், விண்ணப்பங்கள் குவியும். டிக்கெட் வாங்கிய கையோடு விசா வேலையையும் முடித்துவிடுங்கள். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மின்னணுப் பயண அனுமதியே போதும். சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு வழியாகப் போவது வசதி.

தங்க நகர மையம் நல்லது, ஆனால் அந்த இரண்டு வாரம் விலை ஏறிவிடும். ரிச்மண்ட் ரயில் நிலையம் மெல்போர்ன் பார்க்குக்கு நடக்கும் தூரத்தில் இருக்கிறது. கிழக்கு, தென்கிழக்குப் புறநகர் ரயில்கள் பலவும் அங்கே நிற்கும். எனவே அந்தத் தடத்தில் கொஞ்சம் தள்ளி அறை எடுத்தால் பணமும் மிச்சம், இரவு திரும்புவதும் சுலபம். உறவினர் வீடு அந்தப் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது.

நகர மையத்திலிருந்து வருபவர்கள் 70ஆம் எண் டிராமைப் பிடிக்கலாம். போட்டி நாட்களில் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு நகரத்துக்கும் வளாகத்துக்கும் இடையே டிராம் பயணம் இலவசமாக இருப்பது வழக்கம். நான் நடக்கத்தான் சொல்வேன். ஃபெடரேஷன் சதுக்கத்தில் தொடங்கி, பிர்ராருங் மார் பூங்கா வழியாக நதியை ஒட்டி நடந்தால் கால்மணி, இருபது நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடலாம்.

படி 4: தரையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஆட்டமே வேறு மாதிரி தெரியும். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

ஹார்ட் கோர்ட் என்றால் வெறும் சிமெண்டுத் தரை என்று பலரும் நினைக்கிறார்கள். அடியில் கான்கிரீட்டோ தாரோ இருக்கும். அதன்மேல் மெத்தென்ற அடுக்குகள், அதற்கும் மேல் அக்ரிலிக் பூச்சு. அந்தப் பூச்சில் நுண்ணிய மணல் கலந்திருப்பார்கள். ஆட்டத்தின் வேகத்தை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த மணல்தான். மணல் அதிகமாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால் பந்தைப் பிடித்து இழுக்கும். பந்து மெதுவாகி மேலே எழும். மணல் குறைவாக, வழவழப்பாக இருந்தால் பந்து தாழ்வாக வழுக்கிக்கொண்டு வரும்.

1988ல் போட்டது ரீபவுண்ட் ஏஸ் என்ற பச்சை நிறத் தரை. ரப்பர் கலந்தது. மெல்போர்ன் வெயிலில் சூடேறினால் அது பிசுபிசுக்கும். ஓடி வந்து சட்டென்று நிற்கும் வீரரின் காலணி தரையில் ஒட்டிக்கொள்ள, கணுக்கால் மடங்கும். வீரர்கள் பல ஆண்டுகள் புலம்பினார்கள். 2008ல் நீல நிறத்தில் பிளெக்ஸிகுஷன் வந்தது. 2020 முதல் கிரீன்செட். பெயரில்தான் பச்சை, நிறம் அதே நீலம். மஞ்சள் பந்து நீலத்தின் மேல் பளிச்சென்று தெரியும். நேரில் பார்ப்பவருக்கும் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கும் வசதி.

அதே தரை பகலில் ஒரு விதமாகவும் இரவில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். வெயிலில் பந்து துள்ளலோடு உயரமாக எழும். சர்வில் மேல்சுழற்சி கொடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம். எதிராளி தோள் உயரத்தில் பேக்ஹேண்ட் (மட்டை பிடித்த கையின் மறுபக்கத்துக்கு வரும் பந்தை அடிப்பது) அடிக்க வேண்டியிருக்கும். இரவில் குளிர்ந்த காற்றில் பந்து கனத்து, துள்ளல் குறையும். தட்டையாக, பலமாக அடிப்பவர்களுக்கு அது ஒத்துவரும். கூரையை மூடிவிட்டால் காற்றும் இல்லை, கண்ணைக் கூசும் வெயிலும் இல்லை. துல்லியமாக அடிப்பவர்கள் கை ஓங்கும். ஒரே வீரர் திங்கள் பகலில் திணறி, புதன் இரவில் பின்னி எடுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பந்தையும் கவனியுங்கள். முதல் ஏழு கேம் (செட்டின் உள்பிரிவு) முடிந்ததும் புதுப் பந்துகள் வரும், அதன்பின் ஒவ்வொரு ஒன்பது கேமுக்கும் ஒருமுறை. பழைய பந்தின் மேல் இருக்கும் இழை புசுபுசுவென்று கிளம்பிக் காற்றில் அதன் வேகத்தைக் குறைக்கும். புதுப் பந்து வந்ததும் சர்வ் செய்பவர் அதைக் கையில் தூக்கி எதிராளிக்குக் காட்டுவார். அடுத்த இரண்டு கேமில் சர்வ் எவ்வளவு விறுவிறுப்பாகப் போகிறது என்று பாருங்கள்.

சென்னைக்காரர்களுக்கு இந்தத் தரையோடு ஒரு பழைய உறவு உண்டு. 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓபனும் ஹார்ட் கோர்ட்தான். பின்னர் ஜனவரி முதல் வாரத்துக்கு மாறியதால் மெல்போர்னுக்கு முந்தைய ஒத்திகையாகவே பல வீரர்கள் அதை வைத்துக்கொண்டார்கள். 2014ல் சென்னையில் பட்டம் வென்ற கையோடு மெல்போர்ன் போன ஸ்டான் வாவ்ரிங்கா, காலிறுதியில் ஜோகோவிச்சையும் இறுதியில் நடாலையும் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார். நுங்கம்பாக்கத்தில் அவர் ஒற்றைக் கை பேக்ஹேண்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு மெல்போர்ன் வெளி கோர்ட் அனுபவம் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

படி 5: வெயிலுக்குத் தயாராகுங்கள்

"நாங்கள் பார்க்காத வெயிலா?" என்று கேட்பீர்கள். இது வேறு வெயில். வேர்ப்பது தெரியாது, காற்று வறண்டிருக்கும், ஆனால் புற ஊதாக் கதிர் கடுமை. நம் தோலும் கருகும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன் மூன்றும் கட்டாயம்; சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். தண்ணீர் பாட்டில் கொண்டு போகலாம், கண்ணாடி பாட்டில் மட்டும் கூடாது. உள்ளே நிரப்பிக்கொள்ள இடங்கள் உண்டு.

2014ல் தொடர்ந்து நான்கு நாள் 41 டிகிரிக்கு மேல் போனது. கனடாவின் ஃபிராங்க் டான்செவிச் கோர்ட்டிலேயே மயங்கி விழுந்தார். விழும் முன் கண்ணெதிரே கார்ட்டூன் நாய் ஸ்னூப்பி தெரிந்ததாகச் சொன்னார். அப்போதிருந்த விதிமுறை பற்றிக் கடும் விமர்சனம் எழுந்தது. 2019 முதல் ஒன்று முதல் ஐந்து வரையிலான வெப்ப அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். வெப்பநிலை, நேரடி வெயிலின் சூடு, ஈரப்பதம், காற்றின் வேகம் நான்கையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். நான்கைத் தொட்டால் பெண்கள் ஒற்றையரில் இரண்டாவது செட்டுக்குப் பிறகும், ஆண்கள் ஒற்றையரில் மூன்றாவது செட்டுக்குப் பிறகும் பத்து நிமிட ஓய்வு. ஐந்தைத் தொட்டால் வெளி கோர்ட்டுகளில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அரங்கங்களின் கூரையை மூடிவிடுவார்கள்.

கிரவுண்ட் பாஸ் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. முன்னறிவிப்பு 38க்கு மேல் காட்டினால் மதியம் ஒரு மணிக்கு முன்பே ஜான் கெயின் அரீனாவுக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள். ஆட்டம் நின்றபின் போனால் வளாகத்தில் இருக்கும் எல்லோரும் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள்.

மெல்போர்னில் தென்காற்று திரும்பினால் ஒரு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து டிகிரி இறங்கிவிடும். அதனால் பகல் 40 டிகிரி என்றாலும் பையில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் இருக்கட்டும்.

படி 6: முந்தின நாள் மாலை வேலை

மறுநாள் எந்தக் கோர்ட்டில் யார் ஆடுகிறார்கள் என்ற பட்டியல் முந்தின நாள் மாலை வெளியாகும். போட்டியின் செயலியில் பார்க்கலாம். அரை மணி நேரம் உட்கார்ந்து அதைப் படிப்பது அவசியம்.

தரநிலை பெற்றவர்கள் 32 பேர். அவர்கள் மூன்றாம் சுற்றுக்கு முன் ஒருவரோடு ஒருவர் மோத முடியாதபடி அட்டவணை இருக்கும். அதனால் முதல் இரண்டு சுற்றில் பெரிய பெயரைத் தேடாமல், 20 முதல் 32 வரை தரநிலை உள்ளவருக்கு எதிரில் யார் என்று பாருங்கள். காயத்திலிருந்து திரும்பிய முன்னாள் நட்சத்திரம், வேகமாக மேலே வரும் பத்தொன்பது வயதுப் பையன், உள்ளூர் வீரர் என்று யாராவது இருந்தால் அங்கேதான் தீப்பிடிக்கும்.

இரண்டாவது, ஒருவர் இன்று ஜெயித்தால் பெரும்பாலும் அடுத்த ஆட்டம் ஒருநாள் இடைவெளி விட்டு. பிடித்த வீரர் திங்கள் ஆடினால் புதன் அல்லது வியாழனுக்கு டிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். இடைப்பட்ட நாளில் அவர் பயிற்சிக் கோர்ட்டில் இருப்பார். அந்த நேரமும் செயலியில் வரும்.

மூன்றாவது, இரட்டையரை ஒதுக்காதீர்கள். 2012ல் லியாண்டர் பயஸ் ராடெக் ஸ்டெபானெக்குடன், 2016ல் சானியா மிர்சா மார்டினா ஹிங்கிஸுடன், 2024ல் ரோஹன் போபண்ணா மேத்யூ எப்டெனுடன் பட்டம் வென்ற இடம் இது. போபண்ணாவுக்கு அப்போது வயது 43. இரட்டையர் ஆட்டங்களுக்குக் கூட்டம் குறைவு, முதல் வரிசை கிடைக்கும். வலைக்கு அருகே நால்வரும் நின்று அடிக்கும்போது பந்து கண்ணுக்கே பிடிபடாது.

படி 7: வளாகத்துக்குள் ஒரு நாள்

வாசல் திறக்கும்போதே உள்ளே இருங்கள். ஆட்டம் பதினொன்றுக்குத்தான், ஆனால் காலையில் பயிற்சிக் கோர்ட்டுகள் பக்கம் போனால் இரவு ராட் லேவரில் ஆடப் போகிறவர் அங்கே சர்வ் பழகிக்கொண்டிருப்பார். பயிற்சியாளர் சொல்லும் திருத்தம்கூடக் காதில் விழும். ஆட்டத்தில் தெரியாத விஷயங்கள் அங்கே தெரியும்: ஒரே பந்தை ஒரே மூலைக்கு முப்பது முறை அடிப்பார்கள், முகத்தில் அலுப்பு தெரியாது.

பத்தரைக்கு, தேர்ந்தெடுத்த வெளி கோர்ட்டில் போய் இடம் பிடியுங்கள். முடிந்தால் பக்கவாட்டில் வேண்டாம், கோர்ட்டின் முனையில், சர்வ் செய்பவரின் பின்னால் உட்காருங்கள். பந்தின் சுழற்சி, அது வளையும் விதம், எதிராளி எடுத்து வைக்கும் முதல் அடி எல்லாம் அங்கிருந்துதான் புரியும். சர்வ் செய்பவர் பந்துச் சிறுவர்களிடம் மூன்று பந்து வாங்குவார். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, இழை அதிகம் கிளம்பிய ஒன்றைத் திருப்பித் தட்டிவிடுவார். அழுத்தமாக இருப்பதை முதல் சர்வுக்கு வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கால்சட்டைப் பையில் போடுவார். தொலைக்காட்சியில் இரண்டு நொடியில் கடந்துபோகும் இந்தச் சின்ன வேலையை, 30-40 என்று பின்தங்கி இருக்கும்போது அவர் எவ்வளவு நேரம் எடுத்துச் செய்கிறார் என்று பாருங்கள். அவர் மனநிலை அதில் தெரியும்.

கோட்டு நடுவர்களைத் தேடாதீர்கள், 2021 முதல் இங்கே அவர்கள் கிடையாது. கேமராக்கள் பார்த்து, பதிவு செய்த குரல் "அவுட்" என்று சொல்லும். முன்பெல்லாம் வீரர்கள் பக்கம் மாறும் இடைவேளைக்காகக் காத்திருந்துதான் உள்ளே போக முடியும். 2024ல் அந்த விதியைத் தளர்த்தி, கேமுக்குக் கேம் உள்ளே வந்து போக அனுமதித்தார்கள். பார்வையாளர்களுக்கு வசதி, சில வீரர்களுக்குப் பிடிக்கவில்லை. என்னைக் கேட்டால், பந்து ஆட்டத்தில் இருக்கும்போது அசையாமல் இருப்பது நாம் அவர்களுக்குக் கொடுக்கும் குறைந்தபட்ச மரியாதை.

ஒரு கோர்ட்டிலேயே நாள் முழுக்க உட்கார வேண்டாம். செயலியில் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எங்காவது கடைசி செட் 4-4 என்று ஆனால் எழுந்து போங்கள். கோர்ட்டுகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான். ஐந்து நிமிடத்தில் போய்விடலாம்.

சாப்பாடு உள்ளே நிறைய வகை உண்டு, விலை அதிகம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம், தடையில்லை. புளியோதரையோ சப்பாத்தியோ எடுத்துப் போனால் வரிசையில் நிற்கும் அரை மணி நேரம் மிச்சம். அந்த அரை மணியில் ஒரு செட் பார்த்துவிடலாம்.

படி 8: இரவு

இரவு ஆட்டம் ஏழு மணிக்குத் தொடங்கும். எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2008ல் லெய்ட்டன் ஹெவிட், மார்கோஸ் பக்தாதிஸ் ஆட்டம் விடிகாலை 4.34க்கு முடிந்தது. 2023ல் ஆண்டி மர்ரி இரண்டு செட் பின்தங்கியிருந்து தனாசி கொக்கினாகிஸை வென்றபோது நான்கு மணி தாண்டிவிட்டது. 2012 இறுதியில் ஜோகோவிச்சும் நடாலும் 5 மணி 53 நிமிடம் ஆடினார்கள். கிராண்ட்ஸ்லாம் இறுதிகளிலேயே நீண்டது அதுதான். பரிசளிப்பின்போது நிற்க முடியாமல் தவித்த இருவருக்கும் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

எனவே இரவு டிக்கெட் எடுத்த நாளில் திரும்பும் வழியை முன்பே பார்த்து வையுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு ரயில் குறைந்துவிடும். குழந்தைகளோடு போகிறவர்கள் பகலோடு திரும்புவது நல்லது.

படி 9: போக முடியாதவர்களுக்கு

நேர வித்தியாசம் நமக்குச் சாதகம். ஜனவரியில் மெல்போர்ன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கும். பகல் ஆட்டங்கள் இங்கே காலை 5.30க்குத் தொடங்கும், இரவு ஆட்டங்கள் மதியம் 1.30க்கு. இறுதிப் போட்டிகள் அங்கே மாலை 7.30 என்றால் இங்கே மதியம் 2 மணி. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் மூன்றே மணி நேரம். இந்தியாவில் சமீப ஆண்டுகளில் சோனி விளையாட்டு அலைவரிசைகளிலும் அதன் செயலியிலும் ஒளிபரப்பானது.

அலைவரிசை காட்டுவது பெரும்பாலும் ராட் லேவரைத்தான். செயலியில் மற்ற கோர்ட்டுகளின் நேரலை இருந்தால் முதல் மூன்று நாள் காலையில் அதைத் தேடிப் போடுங்கள். அலுவலகம் கிளம்புவதற்குள் மூன்று செட் பார்த்துவிடலாம். அடுத்த அக்டோபரில் டிக்கெட் வாங்கும்போது எந்தக் கோர்ட்டுக்கு முதலில் ஓட வேண்டும் என்பதும் அதற்குள் தெரிந்திருக்கும்.